ப்ரோஸ்பர் படிக்காத இரண்டு பக்கங்கள்

யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. சனிக்கிழமைக் காலை ஜெபம் முடிந்து ஆட்கள் சால்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது காரியஸ்தர் மிமூன் மேசையை இரண்டு தட்டு தட்டினார். எருசலேமின் கதமோன் பேட்டையில் இருக்கும் அந்தச் சின்ன ஜெபாலயத்தில் குழாய் ஒழுகினாலும் சரி, கல்யாணம் நடந்தாலும் சரி, எல்லாம் மிமூன் தலையில்தான் விடியும். எழுபத்து நாலு வயது. குரல் மட்டும் இன்னும் பட்டாளத்தில் இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நம்ம ரபிக்கு முழங்கால் ஆபரேஷன். பண்டிகைக்கு மகள் வீட்டுலதான் இருப்பாரு. இந்த வருஷம் தலைச்சன்களுக்கு யாரு முடிச்சுக் குடுக்கப் போறீங்க?"

எகிப்தில் ஊர்த் தலைச்சன்கள் எல்லாம் செத்த அன்று யூதர்களின் தலைச்சன்கள் மட்டும் பிழைத்தார்கள் என்பதற்காக, பாஸ்காவுக்கு முந்தின பகலில் வீட்டுக்கு மூத்த ஆண்கள் நோன்பிருக்க வேண்டும். அதிலிருந்து தப்ப ஒரு வழியும் முன்னோர்களே வைத்திருக்கிறார்கள். யூதச் சட்டவாதங்களின் பெருநூலான தல்மூத்தின் ஒரு பாகத்தை ஒருவன் முழுக்கப் படித்து முடித்தால் அது விருந்து நாள். அந்த விருந்தில் உட்கார்ந்தவன் சாப்பிடலாம். ஆகவே நகரமெங்கும் அன்று காலையில் யாராவது ஒருவர் எதையாவது முடிக்கிறார். பசியோடு வந்த தலைச்சன்கள் கடைசி நாலு வரியைக் கேட்டுவிட்டு கேக்கில் கைவைக்கிறார்கள். இருபது வருஷமாக ரபிதான் முடித்துக் கொடுத்து வந்தார்.

எல்லாக் கண்களும் அவ்னேர் பக்கம் போயின. அவ்னேர் ஏழு வருஷம் தோரா வேதப் பள்ளியில் படித்தவன். நாற்பத்தைந்து வயது, அரசாங்க வேலை, எதைக் கேட்டாலும் எந்த ஏட்டில் இருக்கிறதென்று சொல்வான்.

"நான் ஒரு பாகத்தோட நடுவுல இருக்கேன்" என்றான்.

"நீ எப்பதான் நடுவுல இல்லாம இருந்தே?" என்றார் மிமூன்.

அப்போது பின்பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. பஸ் ஓட்டுகிற ப்ரோஸ்பர் பென்ஹமோவின் கை.

"எனக்கு நாலு ஏடு பாக்கி இருக்கு, மிமூன் அண்ணே."

"எதுல?"

"பாஸ்கா பாகத்துல. நூத்தி இருபத்தோரு ஏடு. நூத்திப் பதினேழு வரைக்கும் முடிஞ்சுது."

எல்லாத் தலைகளும் பின்பெஞ்சுக்குத் திரும்பின. பிறகு யாரோ, "நம்ம டிரைவரா?" என்றார்கள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்கள். ப்ரோஸ்பருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அவருக்கு அறுபத்தோரு வயது. முப்பத்து நாலு வருஷமாக நகரத்து பஸ் ஓட்டுகிறார். அப்பாவும் அம்மாவும் மொரோக்கோ மலையூர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இவர் இங்கே பிறந்த முதல் பிள்ளை, வீட்டுக்குத் தலைச்சன். பதின்மூன்று வயதில் ஒரு வாத்தியார், இவர் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராதவர், அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க பையன் மரமண்டை. புஸ்தகம் ஏறாது. கை நல்லா இருக்கு, பட்டறை வகுப்புல போட்டுடுங்க" என்றார். அந்தக் காலத்தில் பேட்டைப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதே பட்டறை வகுப்புதான். காரணம் மட்டும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அப்பா வாத்தியாரின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தார். வாத்தியார் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், அப்பா சொன்ன நன்றியை ப்ரோஸ்பரால் மறக்க முடியவில்லை.

பட்டறை, ராணுவம், லாரி, பஸ் என்று வயது போயிற்று. வேதத்தின் துதிப்பாட்டுகளான சங்கீதம் நூற்றைம்பதும் அவருக்கு மனப்பாடம். தல்மூத் பக்கம் மட்டும் போகவில்லை. நடுவில் பழைய அரமாயிக் மொழி, சுற்றிலும் பொடி எழுத்தில் விளக்கம், நிறுத்தற்குறியே இல்லாமல் ஆயிரத்தைந்நூறு வருஷத்துச் சண்டை. அதெல்லாம் அவ்னேர்களுக்கு என்று இருந்துவிட்டார்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில், ஹர் நோஃப் குன்றின் கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு, பின்சீட்டில் ஒரு பெரிய புத்தகம் கிடந்தது. உள்ளட்டையில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. ப்ரோஸ்பர் கூப்பிட்டார். எடுத்தது ஒரு மாணவன்.

"ஐயா, நான் வேற வாங்கிட்டேன். அது இப்பத்தி ஹீப்ருவுல அர்த்தம் போட்ட பதிப்பு, எனக்கு அது தேவையும் இல்ல. உங்க ஜெபாலயத்து அலமாரியில வச்சிடுங்க. படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் எடுத்துப்பாங்க."

மாணவன் மரியாதையாகத்தான் பேசினான். ப்ரோஸ்பர் போனை வைத்துவிட்டு, "படிக்கத் தெரிஞ்சவங்க" என்று காலி பஸ்ஸுக்குள் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தார். புத்தகம் அலமாரிக்குப் போகவில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் போயிற்று.

கடைசி நிறுத்தத்தில் காகிதப்படி இருபத்திரண்டு நிமிஷம் ஓய்வு. நெரிசல் நாளில் அது பதினைந்தாகும். ஒரு கையில் அவர் மனைவி சிமி கட்டிக் கொடுத்த ரொட்டி, அதில் எள் விழுதும் பேரீச்சம் பாகும். இன்னொரு கையில் ஸ்டீயரிங் மேல் சாய்த்து வைத்த தல்மூத். முதலில் வாரத்துக்கு ஒரு பக்கம் போவதே பெரும்பாடாக இருந்தது. ஒரு பக்கம் முடிந்தால் அதன் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கூட வேலை பார்க்கிறவர்கள் விடுவார்களா? "தலைமை ரபி, மஞ்ச விளக்குல போலாமா, தீர்ப்பு சொல்லுங்க" என்பார்கள். "உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டுப் போ" என்பார் இவர்.

நாலாவது மாதத்தில் மாட்டிக்கொண்டார். பாஸ்கா வாரத்தில் புளித்த ரொட்டி ஒரு துணுக்கும் வீட்டில் இருக்கக்கூடாது; ஒன்பதாம் ஏட்டின் முன்பக்கம் அதற்காகச் சுத்தம் செய்த வீட்டைப் பற்றியது. சுத்தம் செய்த வீட்டுக்குள் எலி எங்கிருந்தாவது ரொட்டியை இழுத்து வந்திருக்குமோ என்று பயப்பட வேண்டுமா, வேண்டாமா? ப்ரோஸ்பருக்கு இது நன்றாகப் பிடித்தது, அவர் வீட்டிலும் எலி உண்டு. சிரித்துக்கொண்டே ஏட்டைத் திருப்பினார். அங்கே எடுத்த எடுப்பில், இந்த மூலையில் வைத்தது அந்த மூலையில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தது. யார் வைத்தான்? எதை வைத்தான்? எத்தனை? அதற்கு விடை தெரிவதற்குள் ஒரு எலி வாயில் ரொட்டியோடு உள்ளே போய், ஒரு எலி வாயில் ரொட்டியோடு வெளியே வந்தது. போன எலிதானா வந்த எலி என்று பெரிய ரகளை.

மூன்று வாரம் அதையே படித்தார். ஒரு நாள் எரிச்சலில் நெற்றியை ஸ்டீயரிங்கில் இடித்துக்கொள்ள, ஹாரன் அலறி, நிறுத்தத்தில் நின்ற பெண்மணி கையிலிருந்த முட்டைகளைக் கீழே போட்டாள். ஏட்டின் எண் அந்தப் பதிப்பில் முன்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. ஒன்பதைப் பார்த்தார், திருப்பினார், அடுத்த எண் பதினொன்று. எண்ணிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தில் குறை இருக்கும் என்று எப்படித் தோன்றும்? குறை எங்கே இருக்கிறதென்று பதின்மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்களே.

வெட்கத்தை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜெபாலயத்து வாசலில் அவ்னேரை நிறுத்தினார்.

"தம்பி, ஒன்பதாம் ஏட்டுல ஒரு சந்தேகம். அந்த ரொட்டியை மூலையில வச்சது யாரு?"

அவ்னேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ப்ரோஸ்பர் அண்ணே, தல்மூத் அப்படித்தான் தாவித் தாவிப் போகும். அதுக்குப் பழகின மண்டை வேணும், சின்ன வயசுலயே பழகணும். நீங்க சங்கீதம் படிங்க. அதுவும் பெரிய விஷயம்தான்."

"சரி தம்பி" என்றார் ப்ரோஸ்பர். மண்டை என்ற சொல் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"விட்டுடப் போறேன்" என்று சிமியிடம் சொன்னார்.

"விட்டுடு மனுசா. இனிமே ரெண்டு கையாலயும் சாப்பிடலாம்" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். மறுநாள் அந்தப் பக்கத்தின் அடியில் புரியாமலேயே ஒரு புள்ளி வைத்துவிட்டு, பதினொன்றாம் ஏட்டுக்குப் போனார். அதன் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், மற்ற ஏடுகள் மெதுவாகவேனும் பிடிபட்டன. சில நாள் இரண்டு ரபிகளின் வாதத்தில் யார் பக்கம் பலம் என்று இவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். ஆனால் சந்தோஷம் வருகிறபோதெல்லாம் கூடவே அந்த மூலை ரொட்டியும் வந்து நிற்கும். ஒழுங்கான மண்டை என்றால் அதுவும் புரிந்திருக்குமே என்று தோன்றும்.

கை தூக்கிய சனிக்கிழமைக்குப் பிறகு ப்ரோஸ்பர் ஆளே மாறிவிட்டார். கடைசி நாலு வரியை மட்டும் அந்தக் காலைக்காக மிச்சம் வைத்தார். சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார். சிமி வீட்டைச் சுத்தம் செய்து, சமையலறையைப் பாஸ்காவுக்கு மாற்றி, புளித்த மாவு எதுவும் வாசல் தாண்டக்கூடாதென்று உத்தரவு போட்டிருந்தாள். ஆனாலும் முடிக்கிற நாள் காலை ஐந்து மணிக்கே பால்கனியில் அடுப்பைப் பற்றவைத்து நாற்பது ஸ்ஃபிஞ்ச் பொரித்தாள். புளித்த மாவில் நடுவே ஓட்டை போட்டு, வடைபோலப் பொரித்தெடுத்துச் சர்க்கரை தூவுவது. "மாவு ஒரு துளி உள்ள வந்துச்சுன்னா பண்டிகை முழுக்க நீயும் பால்கனியிலதான்" என்று சொல்லித் தட்டுகளைக் கொடுத்தனுப்பினாள். புளித்த பண்டம் தின்னக் கெடு அன்று காலை பத்து மணி எட்டு நிமிஷம் வரை. அதன் பிறகு ஒரு வாரத்துக்கு எவனும் அதைத் தொடக்கூடாது. மிஞ்சியதை எரித்துவிட வேண்டும்.

ஜெபாலயத்து முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில் பலகாரத் தட்டுகள் இருந்தன. பக்கத்தில் மிச்சப் புளிப்பை எரிக்க ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாய் புகைந்துகொண்டிருந்தது. மிமூன் வாசலை மறித்து நின்றார்.

"உள்ள எல்லாம் பாஸ்காவுக்குத் துடைச்சு வச்சிருக்கு. படிப்பு உள்ள, தீனி வெளிய. நீ முதல்ல அந்தப் புஸ்தகத்தை உதறிட்டு வா. உன்னைவிட அதுதான் நிறைய சாப்பிட்டிருக்கும்."

சொன்னதில் தப்பில்லை. மற்ற வருஷங்களில் பாஸ்காவுக்கு அந்தப் புத்தகம் பணிமனைப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், உதறுகிற வேலை வராது. ப்ரோஸ்பர் பீப்பாய்ப் பக்கம் போய், இரண்டு அட்டையையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கினார். நாலு வருஷத்துத் துணுக்குகள் உதிர்ந்தன. ஏடுகள் எல்லாம் தனித்தனியாக விரிந்து ஆடின. புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் தடித்து, ஆடாமல் தொங்கியது.

விரலால் தடவிப் பார்த்தார். நகத்தை நுழைத்துப் பிரித்ததும் சரசரவென்று விட்டுக்கொடுத்தது. ஆரம்ப நாளில் ஒருமுறை புத்தகம் நழுவி ரொட்டிமேல் விரிந்து விழுந்திருந்தது. உள்ளே காய்ந்துபோன பாகின் பழுப்புக் கறை, அதில் ஒட்டியபடி துவரம்பருப்பு அளவுக்கு ஒரு ரொட்டித் துணுக்கு. இரண்டு பக்கமும் புத்தம் புதிதாக இருந்தன. ஒன்பதாம் ஏட்டின் பின்பக்கம், பத்தாம் ஏட்டின் முன்பக்கம். எதன் அடியிலும் பென்சில் புள்ளி இல்லை.

ப்ரோஸ்பர் முடிக்கவில்லை. முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. அவ்னேர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான், வெள்ளைச் சட்டையில், நோன்பின் எரிச்சலோடு. பத்தொன்பது தலைச்சன்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். மூடிவைத்துவிட்டு உள்ளே போய் நாலு வரியைப் படித்தால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னாலோ, டிரைவருக்கு ஏடுகூடத் திருப்பத் தெரியவில்லை என்று அடுத்த பாஸ்கா வரைக்கும் பேச்சு. ப்ரோஸ்பர் புத்தகத்தை மூடினார். உள்ளே போய் மேசை முன் உட்கார்ந்து கடைசி ஏட்டைத் திறந்தார். மிமூன் மேசையைத் தட்ட, எல்லாரும் அடங்கினார்கள்.

முதல் சொல்லைப் படித்தார். இரண்டாவது சொல் வரவில்லை.

"என்ன, கண்ணாடியை மறந்துட்டியா?" என்றார் மிமூன்.

"நான் முடிக்கல அண்ணே."

"அதான் இப்ப முடிக்கப் போறியே."

"இல்ல. நடுவுல ரெண்டு பக்கம் படிக்கல. ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. இப்ப வெளிய உதறும்போதுதான் பார்த்தேன்." புத்தகத்தைத் திருப்பிக் கறையைக் காட்டினார்.

கூடத்தில் ஒரே இரைச்சல். ஒருத்தர் தான் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டதாகக் கத்தினார். இன்னொருத்தர், "படிச்சு முடிச்சவன்லாம் தூங்காமயா படிச்சான்? சும்மா கடைசி வரியைச் சொல்லுப்பா" என்றார். மூன்றாமவர் போனை எடுத்து, "இதுல நேரலையில எவனோ முடிக்கிறான், போடவா?" என்றார். அவ்னேர் கையை உயர்த்தினான்.

"இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம் அண்ணே. பெரும்பகுதி படிச்சா முழுசும் படிச்ச மாதிரிதான்னு சொல்ல இடம் இருக்கு. நான் பொறுப்பு. படிங்க."

"அது உனக்குத் தம்பி. நான் முழுசா முடிக்கிறேன்னு சொல்லித்தான் கை தூக்கினேன்."

"அப்ப குடுங்க, அந்த ரெண்டு பக்கத்தையும் நான் அஞ்சு நிமிஷத்துல படிச்சுடறேன்."

"நீ படிச்சா நீ முடிச்ச மாதிரி. நான் படிக்கணும்." ப்ரோஸ்பர் எழுந்து நின்றார். "யாருக்கு அவசரமோ அடுத்த தெருவுல பாரசீகக்காரங்க ஜெபாலயத்துல முடிக்கிறாங்க, போங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

ஐந்து பேர் போனார்கள். அவர் வருத்தப்பட்டார்தான். மிச்சம் பதினாலு பேர் இருந்தார்கள். பாசத்தில் இருந்தவர்கள் எத்தனை, எழுந்து நடக்கச் சோம்பல்பட்டு இருந்தவர்கள் எத்தனை என்று சொல்ல முடியாது. அவ்னேரும் போகவில்லை. சுவர்க்கடிகாரம் எட்டு மணி பத்து நிமிஷம் காட்டியது. "ரெண்டு மணி நேரம் இருக்கு, படி" என்றார் மிமூன்.

ப்ரோஸ்பர் விரலை வைத்து, சொல் சொல்லாகப் படித்தார். ஒரு வரி, அதன் அர்த்தம், பிறகு பொடி எழுத்து. பத்துக் குவியல் ரொட்டி: ஒன்பது புளிக்காத பாஸ்கா ரொட்டி, ஒன்று புளித்தது. எலி வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனது. எதை எடுத்தது என்று தெரியாது. அவ்னேர் இரண்டு இடத்தில் திருத்தினான். மூன்றாவது இடத்தில் வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டான்; ப்ரோஸ்பர் படித்ததுதான் சரி. வெளியே சர்க்கரை வாசம். ஒருவர் வயிறு இரைந்தது கூடம் முழுக்கக் கேட்டது. ஒன்பது மணிக்கு ஒரு பக்கம் முடிந்து அதன் அடியில் பென்சில் புள்ளி விழுந்தது.

"இன்னும் எத்தனை வரி?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மிமூன் கேட்டார். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ப்ரோஸ்பர் இரண்டாம் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டார்.

"ஒன்பது வச்சான், வந்து பார்த்தா பத்து இருக்கு" என்று படித்தார். "பத்து வச்சான், வந்து பார்த்தா ஒன்பதுதான் இருக்கு."

அத்தோடு பக்கம் முடிந்தது. புள்ளி வைத்தார். இனிக் கடைசி ஏட்டுக்குத் தாவி நாலு வரி படித்தால் முடிந்தது, பத்து நிமிஷம் தாராளமாகப் போதும். ஆட்கள் எழுந்துகூட நின்றுவிட்டார்கள். ஆனால் ப்ரோஸ்பரின் கை பழக்கத்தில் அந்த ஏட்டைத்தான் திருப்பியது. அங்கே எடுத்த எடுப்பில் இருந்தது: இந்த மூலையில் வைத்தான், அந்த மூலையில் இருக்கிறது.

அவர் அசையவில்லை.

"அவன்தான்" என்றார்.

"எவன்?" என்றார் மிமூன்.

"வச்சவன். ஒன்பது வச்சவன், பத்து வச்சவன், அவன்தான் மூலையிலயும் வச்சான். அதே ரொட்டி!"

"அதை ஏற்கெனவே படிச்சாச்சு, அங்க புள்ளி இருக்கு பாரு. கடைசிக்குப் போப்பா, மணியாகுது!"

"படிச்சேன் அண்ணே. இப்பத்தான் புரியுது."

அவர் நிறுத்தவில்லை. மூலையைப் படித்தார். உள்ளே போன எலியைப் படித்தார், வெளியே வந்த எலியைப் படித்தார். அது ஏன் அதே எலியாக இருக்க வேண்டியதில்லை என்று எதிரில் இருந்தவர்களுக்கு இரண்டு கையாலும் காட்டி விளக்கினார். அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது, அதை அவர் கவனிக்கவும் இல்லை. ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "வெள்ளை எலி போய்க் கறுப்பு எலி வந்தா?" என்று கேட்டார். "கேக்குறான் பாரு, அதுவும் இதுல இருக்கு!" என்று ப்ரோஸ்பர் மேசையில் அடித்தார். நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மிமூன் கடிகாரத்தைப் பார்த்தார், சன்னல் வழியே தட்டுகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து மணி எட்டு நிமிஷம் வந்து போயிற்று.

கடைசி நாலு வரியும், திரும்ப வருவதாகப் புத்தகத்துக்கு வாக்குக் கொடுக்கிற வழக்கமான வரிகளும் முடிந்தபோது மணி பத்து இருபத்தைந்து. நோன்பு முடிந்தது. தின்னத்தான் எதுவும் இல்லை. புளித்தது தின்னக் கெடு தாண்டிவிட்டது, பாஸ்கா ரொட்டியோ மாலை வரை ஆகாது. மிமூன் எங்கிருந்தோ ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்தார். சிமியின் நாற்பது ஸ்ஃபிஞ்சும் பீப்பாய்க்குள் போயின. எண்ணெய்ப் பண்டம், நன்றாக எரிந்தது.

"நாலு பாஸ்கா!" என்றார் மிமூன், ஆரஞ்சை உரித்தபடி. "புளிப்பை வீட்டுல வைக்காதேன்னு சொல்ற புஸ்தகத்துக்குள்ளயே புளிப்பை வச்சுச் சுமந்திருக்கான். எலி எதுன்னு இப்பத் தெரியுதா?"

எல்லாரும் சிரிக்க, ப்ரோஸ்பரும் சிரித்தார். அந்தத் துணுக்கைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அதைத் தீயில் போட்டார். அவ்னேர் பக்கத்தில் வந்து நின்றான். கையில் ஆரஞ்சு, உரிக்கவில்லை.

"மூலையில வச்சது யாருன்னு அன்னைக்கு என்கிட்ட கேட்டீங்க."

"கேட்டேன்."

"நான் புஸ்தகத்தைப் பார்க்கவே இல்ல அண்ணே. ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா, ரெண்டு பக்கம் காணோம்னு அப்பவே சொல்லியிருப்பேன்."

ப்ரோஸ்பர் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானுந்தான் பார்க்கல" என்றார். "பழத்தைச் சாப்பிடு தம்பி, மயக்கம் போட்டுறப்போற."

வீட்டுக்கு வந்தபோது சிமி பால்கனியில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு அவர் வண்டி எடுக்க வேண்டும்.

"ஸ்ஃபிஞ்ச் எப்படி இருந்துச்சாம்?"

"எரிச்சாச்சு."

"என்னது?"

"நாற்பதும். ஒருத்தனும் ஒரு கடி கடிக்கல." அவள் சட்டியோடு எழுந்து வருவதற்குள் அவர் முகம் என்னவோ ஆயிற்று. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "சிமி, மரமண்டை இல்ல. பாகுதான். நீ வச்ச பேரீச்சம் பாகு. ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதான் புரியல. மரமண்டை இல்ல."

சிமி சட்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னது மரமண்டைன்னு?"

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். அதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து, வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டனுப்பிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.